வாடகைச் சிலிண்டர்

பாபுராவ் தெரு லாட்ஜில்
அடுப்புக்கும் வாடகை உண்டு.
குக்கர் தனி, தோசைக்கல் தனி.
பலகையில் நாலு மொழியில் எழுதியிருக்கும்:
வங்காளம், இந்தி, நேபாளி,
போனால் போகிறதென்று கடைசியில் தமிழ்.

மூன்றாம் மாடிச் சமையற்கூடத்தில்
என் பக்கத்து அடுப்பு டில்லிராம் பௌடேலுடையது.
அவர் மகளுக்கு இதய வால்வு.
என் மனைவிக்குச் சிறுநீரகம்;
குடியாத்தம் பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.
"பெயரிலேயே டில்லி இருக்கிறதே" என்றேன்
பழைய இந்தியில்.
"அப்பா வைத்தது. நான் மனு போடவில்லை" என்றார்.

என்ன உத்தியோகம் என்று கேட்டதற்கு
"கவர்ன்மெண்ட்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.
முழுசாய்ச் சொன்னால்,
பதினோரு வருஷம் பண்பாட்டுப் பிரிவில்
பெரியவர்கள் பேச வாக்கியம் தைத்தவன்.
'நம் உறவு காகிதத்தில் எழுதியதல்ல,
கோயில் மணியில் வார்த்தது.'
இது என்னுடையது. மூன்று பேர் பேசினார்கள்,
மூன்று தடவையும் கைதட்டல்.
சீதையை மட்டும் ஆறு விதமாய் எழுதியிருக்கிறேன்.
'சம்பந்தி வீடு' என்று ஒருமுறை போட்டதை
மேலதிகாரி சிவப்பு மையில் திருத்தினார்:
'பிள்ளை வீட்டார் நாம். அது தெரியவேண்டும்.'
பிள்ளை வீட்டார் பிற்பாடு அவளை
எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்பது
எந்த உரையிலும் வராது.

ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போனோம்.
அகழியில் பாசி, பாப்கார்ன் கவர்.
ஜலகண்டேஸ்வரர் முன்னால் அவர் கண்மூடி நின்றார்,
செருப்பு டோக்கனை இறுக்கிப் பிடித்தபடி.
ரொம்ப காலம் இங்கே சாமியே இல்லை,
நான் காலேஜ் முடித்த சமயம்தான்
சத்துவாச்சாரியிலிருந்து கொண்டுவந்தார்கள் என்றேன்.
"அதுவரைக்கும்?"
"வெறும் கல். சிற்பம் பார்க்க வருவார்கள்."

பிராகாரத்தில் உட்கார்ந்து சொன்னார்:
"எங்கள் பசுபதிக்கும் உங்கள் ஆட்கள் வருவார்கள்.
சால்வை, ருத்ராட்சம், கேமரா.
அப்புறம் ஒரு வருஷம் ரக்ஸௌலில் லாரி நின்றது.
நிறுத்தியது யாரென்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.
எனக்குத் தெரிந்தது, காஸ் இல்லை.
அந்தத் தசைனுக்கு, உங்கள் நவராத்திரிதான்,
மாமரத்தை வெட்டிப் பச்சையாய் எரித்தோம்.
அம்மனுக்கு வைத்த சோறு அரைவேக்காடு.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை."

அந்த வருஷத்து நவராத்திரி வாழ்த்து
எனக்கு மனப்பாடம்.
'அன்னபூரணி இரு வீட்டு அடுப்பையும் காக்கட்டும்.'
கமா போடவா வேண்டாமா என்று
அரைமணி நேரம் யோசித்த வாக்கியம்.

திரும்பும் வழியில் ஒரு கட்டிடம்.
பெயர் கேட்டார். கண்டி மஹால்.
"யார் இருந்தது?"
"இலங்கையில் ஒரு ராஜா. அவரை இங்கே அடைத்துவைத்திருந்தார்கள்."
"எந்தச் சாமி கும்பிடுவார்?"
"நம்ம சாமியும்தான்."
"அப்படியுமா விடவில்லை?"
"பூட்டியவன் வெள்ளைக்காரன்" என்றேன் அவசரமாய்.
அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"சாவியையும் எடுத்துக்கொண்டா போனான்?"

ராத்திரி அவர் சிலிண்டர் தீர்ந்துவிட்டது.
குக்கரில் இன்னும் விசில் வரவில்லை.
என் ரசத்தை இறக்கிவிட்டு
"இதில் வையுங்கள், நமக்குள் என்ன" என்றேன்.
வாய் தானாகச் சொல்லிவிட்டது,
பழகிய வாய்.

கீழே போய் மேனேஜர் முபாரக்கிடமிருந்து
வாடகை நோட்டை வாங்கிவந்தார்.
தேதி, மணி, அறை எண்.
'இருபத்திரண்டு நிமிஷம். பதினைந்து ரூபாய்.'
எழுதி, என் கையில் பேனாவைக் கொடுத்தார்.
"இங்கே ஒரு கையெழுத்து."
காசை எண்ணி மேடைமேல் வைத்துவிட்டு
அடுப்பைப் பற்றவைத்தார்.

பேனா சரியாக எழுதவில்லை.
உதறி உதறிப் போட்டேன்.